வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குத் துணை நிற்பது எப்படி: கடலூர், புதுச்சேரி குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி நோயாளிக்கானது இல்லை. பக்கவாதம் வந்த அப்பாவையோ, மறதி நோய் வந்த மாமியாரையோ, எழுந்து நடக்க முடியாத பிள்ளையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருப்பார். அவருக்குத் துணையாக வரும் அண்ணன், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர், தன்னார்வலர் இவர்களுக்காக எழுதுகிறேன்.

கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய் வருகிறேன். புதிதாக உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். "உங்க உடம்பையும் பார்த்துக்கோங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, நாலு வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த அக்காவுக்கு வீடியோ பார்க்க நேரம் இருந்தால் முதலில் தலைக்குக் குளித்திருப்பார்.

ஆராய்ச்சிகளும் இதைத்தான் காட்டுகின்றன. மறதி நோயாளிகளைப் பராமரிப்பவர்களுக்குப் போன், இணையம் வழியாகக் கொடுக்கும் உதவிகளை 2021-ல் கோக்ரேன் மதிப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பு) அலசியது. வெறும் தகவல் கொடுப்பதைவிட, தகவலோடு பயிற்சியும் ஆதரவும் சேரும்போது மனச்சோர்வும் பாரமும் கொஞ்சம் குறையலாம் என்பது அதன் முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசப்போர்ட் இணையப் பயிற்சியை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்தபோது, பாரத்திலும் மனச்சோர்விலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நிறையப் பேர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். ஆனால் கோவாவில் மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிய சோதனையில் (2008, 81 குடும்பங்கள்) பராமரிப்பவர்களின் மனநிலை மேம்பட்டது. ஆகவே நேரில் போக வேண்டும், அவர் கையிலிருந்து ஏதாவது ஒரு வேலையை வாங்க வேண்டும். எதை, எந்த வரிசையில் வாங்குவது என்பதுதான் இனி வருவது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 80 பக்க நோட்டு. நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல். ஆதார், ரேஷன் அட்டை நகல். வாரத்தில் உங்களால் உறுதியாகக் கொடுக்க முடிந்த நேரம். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்றால் அவர் கூப்பிடவே மாட்டார். "செவ்வாய் சாயங்காலம் 4 முதல் 6 வரை நான் இருப்பேன்" என்றால் அதை நம்பி ஒரு வேலையைத் திட்டமிடுவார். இரண்டு மணி நேரம்தான் முடியும் என்றால் இரண்டு மணி நேரமே போதும். ஆனால் தவறக் கூடாது.

1. முதலில் அவரைத் தனியாகச் சந்தியுங்கள்

நோயாளியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். படுத்திருப்பவர் காதில் விழ எந்த மருமகளும் "முடியலை" என்று சொல்ல மாட்டாள். அதனால் வேறு யாரையாவது நோயாளியோடு உட்கார வைத்துவிட்டு, மாடிக்கோ கோயிலுக்கோ தெருமுனைக்கோ அவரைக் கூட்டிப்போங்கள்.

கேட்க வேண்டியவை மூன்றுதான். ஒரு நாளில் ரொம்பக் கஷ்டமான நேரம் எது? எந்த வேலையைச் செய்யும்போது பயமாக இருக்கிறது? எதை வேறு யாராவது செய்தால் நன்றாக இருக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் உடனே பதில் வராது. பரவாயில்லை, அதற்குத்தான் அடுத்த படி.

இங்கே வரும் தவறு, விருந்தாளியாகப் போவது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால் அவர் காபி போட வேண்டும்; முதலிலிருந்து கதையையும் சொல்ல வேண்டும். நீங்கள் போனதால் அவருக்கு ஒரு வேலை கூடியிருந்தால், அது உதவியில் சேராது.

2. ஒரு வாரத்தை நோட்டில் எழுத வையுங்கள்

ஏழு நாள், இரவும் பகலும், நடந்ததை நேரத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். அவருக்கு எழுத நேரமில்லை என்றால் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்து கேட்டு நீங்களே எழுதலாம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டு நோட்டில் ஒரே இரவின் பக்கம் இப்படி இருந்தது: "11.40 டயப்பர். 1.15 தண்ணீர் கேட்டார். 2.00 திருப்பிப் படுக்க வைத்தேன். 3.10 யாரோ கதவைத் தட்டுவதாகச் சொன்னார், லைட் போட்டுக் காட்டினேன். 4.30 டயப்பர், பெட்ஷீட். 5.30 பால்காரர்." "ராத்திரி தூக்கமே இல்லை" என்று அந்தப் பெண் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்தது.

நோட்டு இல்லாமல் 6-வது படியான குடும்பக் கூட்டத்துக்குப் போகவே போகாதீர்கள். எழுத்தில் இல்லாத வேலையை யாரும் வேலையாக ஒத்துக்கொள்வதில்லை. பேச்சு உடனே "நான் சும்மா இருக்கேனா" என்ற சண்டையாகிவிடும்.

3. பாரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

1980-ல் உருவான சாரிட் கேள்வித்தாள்தான் இன்றும் உலகம் முழுக்கப் பராமரிப்பவரின் பாரத்தை அளக்க அதிகம் பயன்படுகிறது. இப்போது புழக்கத்தில் உள்ளதில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 88. தனக்கென நேரமில்லாத உணர்வு, நோயாளி மேல் வரும் எரிச்சல், பணப் பற்றாக்குறை, இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாமோ என்ற குற்ற உணர்வு இவையெல்லாம் அதில் வரும். மனநலப் பிரிவிலோ சமூகப் பணியாளரிடமோ கேட்டு முறையாகச் செய்துகொள்ளலாம். அது முடியாவிட்டால் "0 முதல் 10 வரை, இந்த வாரம் உங்கள் பாரம் எவ்வளவு?" என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள்.

ஏன் அளக்க வேண்டும்? அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் முதிய தம்பதியரை நான்கு ஆண்டு கவனித்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத் துணையைப் பராமரித்து அதனால் அழுத்தத்துக்கும் ஆளானவர்களின் இறப்பு அபாயம், அப்படிப் பராமரிக்காதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் அழுத்தம் இல்லாதவர்களிடம் அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. ஆளைத் தின்பது அழுத்தம்தான். ஒரே மாதிரி நோயாளியைப் பார்க்கும் இரண்டு பேரில் ஒருவர் சமாளிப்பார், ஒருவர் உடைவார். வெளியிலிருந்து முகத்தைப் பார்த்து இதை ஊகிக்க முடியாது.

4. இரவை முதலில் சரிசெய்யுங்கள்

நோட்டில் பத்துப் பிரச்சினை இருக்கும். தூக்கத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டும். தூங்காத ஆளுக்கு எதைக் கற்றுக்கொடுத்தாலும் தங்காது. கோபமும் அப்போதுதான் கையை மீறும்.

வாரத்தில் இரண்டு இரவாவது வேறு ஒருவர் நோயாளி அறையில் படுக்கட்டும். பராமரிப்பவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, போனை வெளியே வைத்துவிட்டுத் தூங்க வேண்டும். அதே அறையில் படுத்தால் ஒவ்வொரு இருமலுக்கும் அவர்தான் முதலில் எழுந்து உட்காருவார்.

மறதி நோயாளிகள் இரவில் நடமாடுவதற்குப் பகலில்தான் மருந்து இருக்கிறது. காலை வெயிலில் திண்ணையிலோ வாசலிலோ உட்கார வைப்பது, கை காலுக்கு ஏதாவது அசைவு கொடுப்பது, மதியத் தூக்கத்தைச் சுருக்குவது, தினமும் ஒரே நேரத்தில் படுக்க வைப்பது. இங்கிலாந்தில் ட்ரீம்ஸ் ஸ்டார்ட் என்ற பெயரில் இந்த மாதிரி வழிகளைக் குடும்பத்தாருக்கு ஆறு அமர்வுகளில் சொல்லிக்கொடுத்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் நோயாளிகளின் தூக்கம் மேம்பட்டிருந்தது. டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுப்பது மட்டும் வேண்டாம். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வீட்டின் கஷ்டம் இரட்டிப்பாகும்.

5. கைவேலையை இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்க, டியூப் வழியா சாப்பாடு கொடுங்க" என்று வாயால் சொல்லிவிடுவார்கள். செய்து காட்டி, திரும்பச் செய்ய வைத்துப் பார்க்கும் ஆள் குறைவு. ஆகவே ஒரு நர்ஸையோ பிசியோதெரபிஸ்ட்டையோ வீட்டுக்கு வரவைத்து, பராமரிப்பவரோடு இன்னொருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஆளுக்கு வேலை தெரியவில்லை என்றால் முதல் ஆளால் என்றைக்கும் வீட்டை விட்டு நகர முடியாது. குடும்பக் கூட்டத்துக்கு முன்னால் இந்தப் படியை வைப்பதும் அதனால்தான். "எனக்கு அதெல்லாம் தெரியாதே" என்ற வார்த்தை அங்கே எழாது.

திருப்பிப் படுக்க வைத்தல்: தோளிலிருந்து தொடைவரை நோயாளியின் அடியில் ஒரு மடித்த பருத்திப் போர்வை எப்போதும் இருக்கட்டும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, போர்வையை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, "ஒண்ணு ரெண்டு மூணு" சொல்லி ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். அக்குளில் கை கொடுத்து இழுத்தால் படுத்திருப்பவரின் தோல் உரசிக் கிழியும், இழுப்பவரின் முதுகும் போகும். பராமரிப்பவர்களுக்கு முதுகுவலி வர இந்த ஒரு பழக்கம் போதும்.

படுக்கைப் புண்: தினமும் குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. அடியில் உள்ள திசு இன்னும் கெடும். அந்தப் பக்கம் பாரம் படாமல் வையுங்கள். ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. ஏர் பெட் துணைக்குத்தான்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு: நல்ல பக்கம் எதுவோ அந்தப் பக்கம் நாற்காலியைப் போடுங்கள். சக்கரம் இருந்தால் பூட்டுங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்த தோள் மூட்டு நழுவி, அப்புறம் மாதக்கணக்கில் வலி நிற்காது. இதைச் செய்வது பெரும்பாலும் பார்க்க வரும் உறவினர்கள், அதுவும் பாசத்தில்.

சாப்பாடு: படுத்த நிலையில் ஊட்டக் கூடாது. நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் முழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த வாய். முடிந்த பிறகு அரை மணி நேரம் அப்படியே உட்காரட்டும். சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ உணவு நுரையீரல் பக்கம் போய்க்கொண்டிருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

யூரின் பேக்: எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். ஆளைத் தூக்கும்போது பேக்கைக் கட்டில்மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. சிறுநீர் திரும்பிப் போய்த் தொற்று வரும்.

பயிற்சி கொடுத்துவிட்டால் குடும்பமே பிசியோதெரபியையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில், பக்கவாதம் வந்த 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு (2017) அதைத்தான் சோதித்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தும், ஆறு மாதம் கழித்து நோயாளிகளின் நிலையில் வழக்கமான சிகிச்சையைவிட முன்னேற்றம் தெரியவில்லை. கைவேலை கற்பது இருவர் உடம்பையும் காப்பாற்ற. பிசியோதெரபிக்குப் பிசியோதெரபிஸ்ட்தான் வேண்டும்.

6. குடும்பக் கூட்டம்

நோட்டு இருக்கிறது, இரண்டாவது ஆளுக்கு வேலையும் தெரியும். இப்போது கூட்டுங்கள். துபாயிலோ சென்னையிலோ இருப்பவர் வீடியோ காலில் வரட்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மிட்டெல்மன் குழு, மறதி நோயாளிகளின் வாழ்க்கைத் துணைகள் 406 பேரிடம் நடத்திய ஆய்வில் தனி ஆலோசனை இரண்டு, குடும்பத்தாரோடு சேர்ந்த ஆலோசனை நான்கு, அதன்பின் தேவைப்படும்போது போனில் உதவி என்று கொடுத்தார்கள். நோயாளியை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை சராசரியாக ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. தனி ஆலோசனையைவிடக் குடும்ப அமர்வுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள்.

கூட்டத்தில் யார் எவ்வளவு செய்தார்கள் என்ற பழைய கணக்கு வேண்டாம். நோட்டைத் திறந்து வேலைகளை வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு கிழமை, ஒரு நேரம். ஆண்கள் பெயர் எதிரே "ஆஸ்பத்திரி, மருந்து, பணம்" மட்டும் விழாமல் பாருங்கள். 2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 59 வயதுள்ளவர்களில், வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 140 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 74 நிமிடம். குளிப்பாட்டுவதும் டயப்பர் மாற்றுவதும் மகனாலும் முடியும். அப்பாவுக்கு அதுதான் கூச்சம் குறைவு.

வெளியூரில் இருப்பவரின் பணத்துக்கும் பெயர் வையுங்கள்: இரவு அட்டெண்டர் சம்பளம், மாத டயப்பர், பிசியோ கட்டணம் என்று. பொதுவாக அனுப்பும் பணம் மளிகையில் கரைந்துவிடும். அட்டெண்டர் வைத்தால் முதல் ஷிஃப்ட் முழுக்க வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

7. முகவரிக்கு ஏற்ற அரசு உதவி

இந்த வட்டாரத்தில் அதிகம் குழம்புவது இதில்தான். பாகூரும் கன்னியக்கோயிலும் புதுச்சேரி. பஸ்ஸில் கொஞ்சம் தாண்டினால் கடலூர், தமிழ்நாடு. கோரிமேட்டில் ஜிப்மரில் இரண்டு பக்கத்து மக்களும் பக்கம் பக்கமாக வரிசையில் நிற்பார்கள். ஆனால் வீடு தேடி வரும் திட்டமும் உதவித்தொகையும் ரேஷன் அட்டை எந்த ஊரோ அந்த ஊர் அரசிடம்தான். பக்கத்து வீட்டு அண்ணிக்குக் கிடைத்ததே என்று தவறான அலுவலகத்தில் போய் நிற்காதீர்கள்.

கடலூர் மாவட்டத்து முகவரி என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதியுங்கள். கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். புதுச்சேரி முகவரி என்றால் அங்குள்ள சமூக நலத்துறையும் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையமும்.

இரண்டு பக்கமும் பொதுவானவை: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யுடிஐடி, முதியோர் உதவி எண் 14567, 70 வயது நிறைந்தவர்களுக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. காகித வேலைக்கு மாதக்கணக்கு ஆகும் என்பதால், 2-வது படி நடக்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள். அலுவலகத்துக்கு நீங்கள் போங்கள். பராமரிப்பவரை அலைய விடாதீர்கள்.

8. ஐப்பசிக்கு முன் மழைத் திட்டம்

2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். இரண்டும் நம் கரையில்தான் ஏறின. படுத்த படுக்கையாக ஆள் உள்ள வீட்டுக்குக் கரண்ட் போவது பெரிய விஷயம். ஏர் பெட் காற்று இறங்கினால் நோயாளி பலகைமேல் கிடப்பார். அதனால் அடியில் எப்போதும் ஒரு ஃபோம் மெத்தை இருக்கட்டும். ஆக்சிஜன் மெஷின் ஓடும் வீட்டில் சிலிண்டர் ஒன்று நிரப்பி வைக்க வேண்டும்.

இரண்டு வார மருந்து, டயப்பர் கையிருப்பு. தாழ்வான தெரு என்றால் தண்ணீர் ஏறுமுன் எந்த வீட்டுக்குப் போவது, தூக்க யார் நாலு பேர் என்பதைப் பெயரோடு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாவட்டப் பேரிடர் எண் 1077-ஐயும் அதிலேயே எழுதுங்கள். இதைப் புயல் எச்சரிக்கை வந்த பிறகு செய்ய முடியாது. அப்போது எல்லோரும் தங்கள் வீட்டைப் பார்ப்பார்கள்.

9. பராமரிப்பவரின் சொந்த உடம்பு

இதை இவ்வளவு பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. நேரத்தை விடுவிக்காமல் "செக்கப் போங்க" என்றால் அது இன்னொரு கடமையாகத்தான் போய்ச் சேரும். இப்போது நேரம் இருக்கிறது, கூட்டிப்போங்கள். பிரஷர், சுகர், ரத்தசோகை, முதுகு, கண். தன் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். நிறையப் பேர் நிறுத்தியிருப்பார்கள்.

1995-ல் வந்த ஓர் ஆய்வில், மறதி நோயாளியைப் பராமரிக்கும் பெண்களின் தோலில் செய்த சின்னக் காயம் ஆற, அதே வயதுள்ள மற்றவர்களைவிட ஒன்பது நாள் அதிகமானது. களைப்பு மனதோடு நிற்பதில்லை.

வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் எங்கே போனார், என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். தூங்கலாம், பீச் ரோட்டில் சும்மா உட்காரலாம். கணக்குக் கேட்டால் அடுத்த வாரம் போக மாட்டார்.

நோயாளியை அடித்துவிட்டேன் என்றோ, கத்திவிட்டு அழுதேன் என்றோ அவர் சொன்னால் பதறாமல் கேளுங்கள். அன்றைக்கே வேறு ஒருவரை அங்கே நிறுத்தி அவருக்கு ஓய்வு கொடுங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இரவு பகல் இலவசம், தமிழில் பேசலாம்.

10. மாதம் ஒருமுறை மறுபடி கேளுங்கள்

3-வது படியின் அதே கேள்வியைக் கேட்டு அதே பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். குறையவில்லை என்றால் புதுத் திட்டம் போடுமுன், பழைய பட்டியலில் பெயர் போட்டவர்கள் நிஜமாகவே வந்தார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும். வராத ஆளிடம் சண்டை வேண்டாம். அவரால் முடிகிற வேறு வேலையைக் கொடுத்து, அந்த இடத்தில் வேறு பெயரை எழுதுங்கள்.

நோயாளியின் நிலை மாறினால் பட்டியலும் மாற வேண்டும். நடந்துகொண்டிருந்தவர் படுத்துவிட்டால் 5-வது படிக்குத் திரும்புங்கள். நோயாளி இறந்துவிட்டால் உறவுகள் காரியம் முடிந்ததும் கலைந்துபோகும். நீங்கள் அந்தச் செவ்வாய்க்கிழமை நேரத்தை இன்னும் சில மாதம் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கட்டிலைத் திருப்பித் தருவது, இறப்புச் சான்றிதழ், பென்ஷன், வங்கிக் கணக்கு என்று அலைச்சல் இருக்கும். தள்ளிப்போட்ட அவருடைய சொந்த வைத்தியமும் அப்போதுதான் தொடங்கும்.